அஞ்சலை கொண்டுபோன தெண்டம்

ஐயா, ராசா,

உன் கடுதாசி வந்து ஒன்பது நாள் ஆகிறது. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது வேண்டும். ஆபீசில் உட்கார்ந்து தாள் தாளாக எழுதித் தள்ளுகிற சின்னக் கிராணிக்கு அது எங்கே விளங்கப்போகிறது? லிங்கித் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு உன்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் அப்பா இருந்திருந்தால் அந்தக் கடுதாசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போய்க் காட்டியிருப்பார். இரண்டாம் பக்கம் வந்ததும்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் புகைக்கூடத்துக்குப் பின்னால் மூன்று பையன்கள் கஞ்சா குடித்து அகப்பட்டார்கள், மீசைகூட முளைக்காத பயல்கள், தலைக்குப் பத்து வெள்ளி தெண்டம் போடலாம் என்று கமிட்டி சொல்கிறது, வருகிற மாதம் கடைசி ஞாயிறு கூட்டம் என்று எழுதியிருக்கிறாய். "அப்பா பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது எவ்வளவு போடுவார், எழுதுங்கள் அம்மா, நாங்களும் அப்படியே போடுகிறோம், வலித்தால்தான் பயல்களுக்குப் புத்தி வரும்" என்றும் எழுதியிருக்கிறாய். வலிக்கத்தான் செய்யும் ஐயா. அது யாருக்கு வலித்தது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். உனக்குத் தெரிந்த கதையில் பாதிதான் உண்டு. மற்றப் பாதியை உன் அப்பா சாகும்வரை நான் அவரிடமும் சொல்லவில்லை. இதை ஒருமூச்சாகப் படித்துவிடாதே, வேலை முடிந்து குளித்துப் பசியாறிவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் தெண்டம் என்றால் என்ன என்று சொல்கிறேன், நீ அதைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தது. வேலி வருவதற்கு முன்னால் நம் ரெம்பாவ் ரப்பர் தோட்டத்தில் யார் தப்புச் செய்தாலும் மூன்று படி அரிசி, ஒரு தேங்காய், ஒரு போத்தல் எண்ணெய். காசு கிடையாது. அரிசியை அம்மன் கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பொங்க வேண்டும். தப்புச் செய்தவரே தன் கையால் எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாற வேண்டும். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அந்தத் தப்பை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. உன் பெரியப்பா கள்ளைக் குடித்துவிட்டுக் குழாயடியில் வேட்டி அவிழ ஆட்டம் போட்டாரே, அதற்கும் இதுதான். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பொங்கல் வைத்துக்கொண்டு வந்தார், "இன்னும் கொஞ்சம் வைங்க மாமா, நேத்து ஆடுன களைப்பா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். கை கழுவியதும் கேலியும் நின்றுவிட்டது. மறுநாள் பிரட்டில் ஆள் பேர் கூப்பிடும்போது யாரோ ஒருவர் அதைத் திரும்ப எடுத்ததற்கு உன் அப்பா அவருக்கும் மூன்று படி போட்டார். இரண்டாம் பொங்கலில் பெரியப்பாதான் அதிகம் சாப்பிட்டது.

அப்புறம் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடின அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு மணி அரிசி போய்விடக் கூடாது என்று கார்டு பார்த்து அளந்துதான் அரிசி கொடுத்தார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக் கூடாது, வெறும் கோப்பி மட்டும்தான் கொண்டுபோகலாம், அதற்கும் சீனி கிடையாது. காலையில் கேட்டில் வரிசையாக நின்று, கையைத் தூக்கி, மடியைத் தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். நம் அம்மன் கோயில் வேலிக்கு வெளியே, காட்டோரம், ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பெர்மிட் வாங்கி வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழா நடத்தினார்கள், அதிலும் பொங்கல் கிடையாது. பொங்கிப் பரிமாறுவது போய்விட்டது ஐயா, தெண்டம் மட்டும் நின்றுவிட்டது. அந்த வித்தியாசம் உன் அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாங்கள் செய்த பெரிய பிசகு அதுதான்.

மாரிமுத்துவின் அப்பாவை விசாரணைக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் திரும்பி வரவில்லை, கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு சேதி வந்தது. அவன் அம்மா அஞ்சலையும் அவனும் நம் பக்கத்து வீட்டில் தனியாக நின்றார்கள். அவனும் நீயும் ஒரே வயது, பதினைந்து. நீ பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுச் சும்மா சுற்றினாய், அவன் அம்மாவோடு நிரை பிடித்துப் பால் வெட்டினான். ஒரு நாள் இரண்டு பேரும் டவுனுக்குப் படம் பார்க்கப் போனீர்கள். ரோட்டோரம் சுட்டுக் கிடத்தியிருந்த ஆட்களைப் பார்த்துவிட்டுப் படமும் பார்க்காமல் திரும்பி வந்தீர்கள். அதற்குப் பிறகு நீ கதவுப் பக்கம் முதுகு காட்டிப் படுக்கவே மாட்டாய். நான் பார்த்தேன், கேட்கவில்லை. ஆண் பிள்ளை, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். மாரிக்கோ தூக்கத்தில் கத்துகிற பழக்கமே வந்துவிட்டது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பெர்மிட்டோடு உள்ளே வருவானே ஒருத்தன், அவன்தான் துணிக்குள் மடித்துப் பொட்டலம் கொண்டுவந்து பையன்களுக்குக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு யாரும் தெண்டம் போடவில்லை, அவனிடம்தானே உன் அப்பா தவணைக்கு வேட்டி எடுப்பார். மாரி ஸ்டோருக்குப் பின்னால் புகைத்துக்கொண்டிருந்தபோது காவல்காரர் பிடித்தார். போலீசுக்குப் போகாமல் உன் அப்பா கெஞ்சிக் கூத்தாடி, நாங்களே பஞ்சாயத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று வாங்கிக்கொண்டு வந்தார். அதில் அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், நல்ல மனசோடுதான் செய்தார்.

இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது. பஞ்சாயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் துணி துவைக்கப் போனேன். உன் நீலக் கோடு போட்ட சட்டையை அலசும்முன் பையைத் தடவினேன். அதே பொட்டலம், அதே துணிக்காரனின் காகிதம். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன், வாடை போகவேண்டும் என்று மேலே இரண்டு மிளகாயையும் போட்டேன். வேலை முடிந்து வந்த உன் அப்பா இருமி இருமி, "என்ன புள்ள சமைக்கிற, கண்ணு அவியுது" என்றார். நீ அந்தப் பொட்டலத்தை எங்கேயோ தொலைத்துவிட்டதாக நினைத்து இரண்டு நாள் பாயைத் தட்டித் தட்டித் தேடினாய். அது தொலையவில்லை ராசா. உன் அம்மாதான் எரித்தாள்.

மறுநாள் பிரட்டுக் களத்தில் பஞ்சாயத்து நடந்தது. மாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நீ பால் ஊற்றி வைக்கிற தோம்புகளுக்குப் பின்னால் நின்றாய், உன் சிலுவார்க் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. உன் அப்பா அவனைக் கேட்டார்.

"கூட யாருடா இருந்தது?"

"யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்."

இரண்டாம் தடவையும் கேட்டார், அவன் அதையேதான் சொன்னான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்றுதான் பார்த்திருப்பான். நான் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் பிள்ளையும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெண்டம் இரண்டாகியிருக்கும், அவ்வளவுதான். உன் அப்பா ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், நம் வீட்டுக்கு மூன்று படி பெரிய விஷயமில்லை. ஆனால் மண்டோர் மகன் கஞ்சா குடிக்கிறான் என்று பேர் வந்துவிடுமே என்று என் வாய் பூட்டிக்கொண்டது. மூன்று படி அரிசி, தேங்காய், எண்ணெய் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த வாரமே உன்னைச் சிரம்பானுக்கு என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். இங்கிலீஷ் படிக்கட்டும் என்று சொல்லித்தான் உன் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். ஒரே குற்றத்துக்கு உனக்குப் பள்ளிக்கூடமும் அவனுக்குத் தெண்டமும் கிடைத்தது. நீ இன்று கிராணியாக இருப்பது அப்படித்தான்.

அஞ்சலைக்கும் மாரிக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியில் பாதிக்கு மேல் அந்த மூன்று படிக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் கொண்டுவந்து வை, திருவிழாவுக்குப் பெர்மிட் கிடைத்ததும் கோயிலில் சேர்த்துவிடுகிறேன் என்று உன் அப்பா சொன்னார். அவள் கேட்கவில்லை. அரிசி அம்மனிடம் போய்ச் சேரும்வரை தப்பு தீராது என்பதுதானே நம் வழக்கம். குழாயடியில் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள், சின்னப் பிள்ளைகள்கூட மாரியைக் கஞ்சா, கஞ்சா என்று கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை அவள் என்னிடம் வந்து, நாளைக்குப் பால் வெட்டப் போகிற வழியில் கோயிலில் வைத்துவிட்டுப் போகிறேன் அக்கா என்றாள். வேண்டாம்டி, அகப்பட்டால் வம்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சீக்கிரம் முடிந்தால் சரி என்று எனக்கும் இருந்தது. பார்த்துப் போ என்று மட்டும் சொன்னேன்.

கேட்டில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். வாளிக்கு அடியில் அரிசி, அதன் மேல் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் போடுகிற பை. தடவிப் பார்க்கிற பெண் அன்றைக்கென்று வாளியைக் கவிழ்த்தாள். செம்மண்ணில் வெள்ளையாகக் கொட்டியது. யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டார்கள், கோயிலுக்கு என்றாள். கோயில் காட்டோரம், சும்மா விடுவார்களா? அவள் திரும்பி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. தெண்டம்னு சொல்லுங்க."

சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். தெண்டம் என்றால் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். நம் பஞ்சாயத்தில் காகிதம் ஏது? உன் அப்பா பிரட்டிலிருந்து ஓடி வந்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கெஞ்சினார், தொரை பங்களாவுக்கும் ஓடினார். ஒன்றும் நடக்கவில்லை. லாரியில் ஏற்றும்போது அவள் அழவில்லை, மாரிக்குச் சோறு போடுங்கக்கா என்று மட்டும் சொன்னாள். அரிசிச் சோதனையில் அகப்பட்டாள் என்று உனக்கு எழுதினேனே, நீயும் ஐயோ பாவம் என்று பதில் போட்டாயே, அது எந்த அரிசி என்று நான் எழுதவில்லை.

ஏழு வாரம் உள்ளே இருந்தாள். மாரியை நான் நம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டேன், நீ சாப்பிடுகிற தட்டில்தான் சாப்பிட்டான், நீ படுக்கிற பாயில்தான் படுத்தான். வந்த உடனே கஞ்சாவை விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். முதல் இரண்டு வாரம் கண் சிவந்துதான் வந்தான். உன் அப்பா திட்டவில்லை, பேசவும் தெரியவில்லை அந்த மனுஷருக்கு. தன் பக்கத்தில் தட்டு வைக்கச் சொல்வார், அவன் கத்தி எழுந்தால் எழுப்பித் தண்ணீர் கொடுப்பார், விடிந்ததும் தன்னோடு நடத்திக் கூட்டிப் போவார். துணிக்காரனை மட்டும் கேட்டிலேயே வைத்து மூட்டையைப் பிரித்துவிட்டார், அன்றோடு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. மாரி எப்போது விட்டான் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் மூன்றாம் தடவை சோறு கேட்டான், அப்போதுதான் கவனித்தேன். அன்றைக்கு அவன் தட்டைப் பார்த்தபடியே ஒன்று சொன்னான்.

"பெரியம்மா, அவனுக்குக் கடுதாசி போட்டா, நான் ஒண்ணும் சொல்லலன்னு எழுதுங்க."

சரி சாமி என்றேன். எழுதவில்லை. எழுதினால் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்துவிடுமே. எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அஞ்சலை திரும்பி வந்தபோது முன்மயிர் நரைத்திருந்தது. கேட்டில் இறங்கினதும் மாரியைத் தடவிப் பார்த்தாள், பிறகு உன் அப்பாவைப் பார்த்துத் தெண்டம் கட்டியாச்சுங்களா என்றுதான் முதலில் கேட்டாள். உன் அப்பா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவர் பஞ்சாயத்தில் உட்காரவே இல்லை, உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஒதுங்கிவிட்டார். அதனால் உன் கேள்விக்குப் பதில் இதுதான் ஐயா. உன் அப்பா கடைசியாகப் போட்ட தெண்டம் மாரிமுத்துவுக்கு மூன்று படி. அதற்கு மேல் யாருக்கும் அவர் எதுவும் போடவில்லை.

நீ கூட்டத்தில் உட்காரும்போது இதை நினைத்துக்கொள். அந்த மூன்று பயல்களுக்கும் பத்து வெள்ளி ஏது? அவர்கள் அம்மாக்கள்தான் கட்டுவார்கள், எதை விற்றுக் கட்டுவார்கள் என்று உங்கள் கமிட்டி கேட்கப்போவதில்லை. கட்டிய பிறகும் அந்தப் பிள்ளைக்குப் பேர் போகாது, ஏனென்றால் கூட உட்கார்ந்து சாப்பிட உங்களிடம் ஒன்றும் இல்லை. கண்டிக்காதே என்று நான் சொல்லவில்லை. உன்னைச் சிரம்பானுக்கு அனுப்பும்முன் நான் காதைத் திருகிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன்களை வீட்டுக்குக் கூப்பிடு, சோறு போடு, எதற்கடா குடிக்கிறாய் என்று கேள், பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு. யார் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று பார், அவனைப் பிடித்தால் தெண்டம் போட்டுக்கொள், நானே வந்து கைதட்டுகிறேன். பதினைந்து வயதில் கஞ்சா குடித்தவன் கோயில் கமிட்டிக்குச் செயலாளராக வர முடியும் என்று உனக்குத்தானே முதலில் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் ஒன்பது நாள். உன் கடுதாசி வந்த மறுநாள் அஞ்சலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சட்டைப் பை, அடுப்பு, மிளகாய் எல்லாம். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் குழாயடிக்குக்கூட நான் இருக்கும்போது வரவில்லை. செத்துப் போயிருக்கலாம் என்று இருந்தது எனக்கு. ஐந்தாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"மூணு படி அரிசி, ஒரு தேங்கா, ஒரு போத்தல் எண்ண. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்கக்கா."

இந்த வட்டாரத்தில் கட்டுப்பாடெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். வேலி அங்கங்கே சாய்ந்து கிடக்கிறது, கேட்டில் ஆள் கிடையாது. நான் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், அவள் தேங்காயோடு முன்னால் போனாள். கேட்டுக்கு வந்ததும் அவள் நின்று, தேங்காயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். சோதிக்க அங்கே ஒருத்தரும் இல்லை. அவளுக்கே தெரியாமல் கை போயிருக்கிறது. நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன், ஓடை வரைக்கும் அதை விடவில்லை. கோயிலில் நான்தான் பொங்கினேன், என் கையால்தான் இலை போட்டேன். சாப்பிட்டது அவள் ஒருத்திதான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள், உப்புக் குறைச்சல் என்றும் சொன்னாள். கை கழுவிவிட்டு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். இனி அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பேச்சு கிடையாது.

மாரி இப்போது பால் லாரி ஓட்டுகிறான், அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சின்னக் கிராணி எப்படி இருக்காரு பெரியம்மா என்று கேட்பான், கூட மாங்காய் திருடினவனுக்கு அப்படி மரியாதை. போன தீபாவளிக்கு நீ வந்தபோது அவனுக்குப் புதுச் சட்டை கொடுத்தாய், ஆனால் அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. அரிசி உன் சம்பளத்தில் நீயே வாங்கிக்கொண்டு வா, மூன்று படிக்குக் குறையக் கூடாது. அடுப்பு மூட்டித் தருகிறேன், பொங்க உனக்குத் தெரியாவிட்டால் சொல்லியும் தருகிறேன். நானும் அஞ்சலையும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறோம். மாரிமுத்துவுக்கு இலை நீதான் போட வேண்டும்.

உன் அம்மா